முதல் அரை மணி நேரம்

பாட்ஷாவைக் கிட்டத்தட்டக் கால வரிசைப்படி பார்த்தவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏதோ ஒரு பண்டிகை நாள். மாமா வீட்டுக்குள் நுழையும்போதே டிவியில் பம்பாய்க் கதை ஓடிக்கொண்டிருந்தது. கோட்டு சூட்டோடு ரஜினி, எதிர்த்தரப்பில் ரகுவரன். அங்கிருந்து வணக்கம் போடும்வரை பார்த்தேன். ஆறேழு மாதம் கழித்து அதே படத்தை மறுபடி போட்டபோதுதான் முதல் பாதி கிடைத்தது. 1995 பொங்கலுக்குத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கெல்லாம், கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்களே, இந்த ஆட்டோக்காரர் ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று நெஞ்சு அடைத்திருக்கும். நான் கால் மேல் கால் போட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். எனக்குத்தான் தெரியுமே அவர் யாரென்று. அடிக்கிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.

இது ஒரு படத்தோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த தமிழ்ப் படங்களில் பாதிக்கு மேல் எனக்கு நடுவிலிருந்துதான் தெரியும். கதாநாயகனும் நாயகியும் எப்படிச் சந்தித்தார்கள், வில்லனுக்கும் அப்பாவுக்கும் என்ன வாய்க்கால் தகராறு, எதுவும் தெரியாது. ஆனால் கடைசிச் சண்டையில் எந்தக் குடோனில் எத்தனை டிரம் வெடித்தது என்று சொல்வேன். இந்த லட்சணத்தில் சினிமாவைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்களும் நிறைய உண்டு.

காரணம் போஸ்ட் மாஸ்டரின் அம்மா. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவில் முதலில் டிவி வந்தது போஸ்ட் மாஸ்டர் வீட்டில். மரப்பெட்டிக்குள் இழுத்து மூடும் கதவோடு ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் போடுவார்கள். ஆச்சி எங்களை உள்ளே விடுவார், மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் வாசல் தெளித்து, கோலம் போட்டு, விளக்கு ஏற்றி, அவர் பாட்டு பாடி முடித்த பிறகுதான். அதுவரை பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் திண்ணையில். உள்ளே எழுத்து போடும் இசை கேட்கும். யார் நடித்த படம் என்று இசையை வைத்துப் பந்தயம் கட்டுவோம். ஆச்சி கடைசிப் பாட்டை இழுப்பார் பாருங்கள், இழுப்பார். “வாங்கலே, காலைக் கழுவிட்டு வாங்க” என்று குரல் வரும்போது நாயகியின் அண்ணன் ஏற்கெனவே செத்திருப்பான். ஏன் செத்தான் என்று உள்ளே இருக்கும் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் அவன் சொல்ல மாட்டான். டிவி வைத்திருக்கிறவனுக்கு அந்த அளவு திமிர் அப்போது அனுமதிக்கப்பட்டிருந்தது.

எங்கள் பெரியம்மா வீட்டில் கலர் டிவி வந்தது பிற்பாடு. மொட்டை மாடி ஆண்டெனாவுக்கு இரண்டு திசை. வடக்கே திருப்பினால் கொடைக்கானல், தென்கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி. நான் மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் முற்றத்திலிருந்து “இன்னும் கொஞ்சம்... ஐயோ போச்சு... வந்துட்டு, வந்துட்டு, அசையாத” என்று கத்துவான். அசையாதே என்றால் அசையாமல் எவ்வளவு நேரம் நிற்பது? படம் தெளிவாகத் தெரியும்போது நான் மாடியில் இருப்பேன், நான் இறங்கி வந்தால் திரையில் எறும்பு ஊரும். பெரியம்மா மட்டும் எதற்கும் கவலைப்பட்டதில்லை. ரூபவாஹினியில் சிங்கள நாடகம் ஓடும்; ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மறுநாள் கிணற்றடியில் முழுக் கதையையும் சொல்வார், “அந்த மூத்தவ இருக்காளே, அவளுக்கு மாமியா கொடுமை” என்று. இதுவரை எந்தச் சிங்களவரும் வந்து மறுக்கவில்லை. கதையை ஆரம்பத்திலிருந்து தெரிந்துகொள்வது அவ்வளவு அவசியமில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சாட்சி பெரியம்மாதான்.

அப்புறம் வீடியோ டெக்கு வாடகைக் காலம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த விசேஷம் வந்தாலும் ராத்திரிக்கு டெக்கும் மூன்று கேசட்டும் எடுப்பார்கள். முதலில் சாமி படம், அடுத்து எம்ஜிஆரோ சிவாஜியோ, கடைசியில் புதுப்படம். பிள்ளைகள் இரண்டாவது படத்தின் நடுவில் தூங்கிப்போவோம், மூன்றாவது படத்தின் சண்டைச் சத்தத்தில் எழுவோம். இந்த இடைவெளியில் ஒரு படம் முடிந்து இன்னொன்று தொடங்கியிருப்பது தெரியாது. சிவாஜி எப்படிக் கார்த்திக் ஆனார் என்று வெகு நாள் குழம்பியிருக்கிறேன்.

இப்படி ஒரு ராத்திரியில்தான் மைக்கேல் மதன காமராஜன் எனக்கு அறிமுகம். 1990-ல் வந்த படம், கமல் நான்கு வேடம். நான்கு பேர் என்பதை விளக்கும் ஆரம்பப் பகுதி முழுக்க நான் ஜமுக்காளத்தில் குறட்டை. எழுந்து பார்த்தால் ஒருவர் பாலக்காட்டுத் தமிழ் பேசிக் கல்யாண வீட்டில் சமைக்கிறார், சாம்பாரில் மீன் கிடக்கிறது. அடுத்த காட்சியில் அதே ஆள் கோட்டு சூட்டு போட்டு இங்கிலீஷ் பேசுகிறார். அதற்கடுத்து தீயணைப்பு வண்டியில் போகிறார். நான் நினைத்தேன், பாவம், பிழைப்புக்கு எத்தனை வேலை பார்க்கிறார் இந்த மனுஷன்! உழைப்பாளி என்று மனதுக்குள் ஒரு மரியாதையே வந்துவிட்டது. மலை உச்சியில் வீடு ஆடும் கடைசிக் காட்சியில் இரண்டு மூன்று கமல் ஒரே நேரத்தில் உருண்டபோது அலறி எழுந்து அத்தையை உலுக்கினேன். அத்தை அரைத்தூக்கத்தில், “நாலு பேரு, படுல” என்றார். சினிமா விமர்சனம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த மூன்று வார்த்தைதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்பா காலத்து ஆட்களைக் கேட்டால் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்பார்கள். டூரிங் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ஒரு படத்துக்கு மூன்று, நான்கு. ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம், அதைக் கேட்ட பிறகுதான் அப்பா வயலிலிருந்து கிளம்புவாராம். மணலைக் குவித்து உட்கார்ந்து, மறைக்கிறது என்று பின்னால் இருப்பவர் அதைக் கலைத்து, ஒரு சின்னச் சண்டை முடிந்து நிமிரும்போது இரண்டு பாட்டு போயிருக்கும். என் காலத்தில் வேறு கூத்து. பக்கத்து ஊர்த் தியேட்டர் ஒன்றில் இரவுக் காட்சிக்குப் போனால் கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் போக வேண்டும் என்று ஆபரேட்டரே ஒரு ரீலை விட்டுவிடுவார். அவர் எதை விடுவார் என்பது அவர் ரசனையைப் பொறுத்தது. சோகப் பாட்டு பிடிக்காது அவருக்கு. அந்தத் தியேட்டரில் யார் செத்தாலும் யாரும் பாட்டுப் பாடி அழுததில்லை. நாயகன் சவத்தைப் பார்த்தவுடன் நேரே அருவாளை எடுத்துவிடுவான். படம் விறுவிறுப்பாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

இப்படிப் பார்த்தும் எங்களுக்கு எதுவும் குறையவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நம் படங்கள் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தன. கதை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம், காமெடி டிராக் இன்னொரு பக்கம். கழற்றி மாட்டலாம். 1948-ல் வந்த சந்திரலேகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். படவேலை நடந்துகொண்டிருந்தபோது என்.எஸ்.கிருஷ்ணன் சிறையிலிருந்து விடுதலையானார்; எஸ்.எஸ்.வாசன் அவரையும் டி.ஏ.மதுரத்தையும் கூப்பிட்டு அவர்களுக்கென்று காட்சிகளைச் சேர்த்தார். ஓடுகிற பஸ்ஸில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்ட மாதிரி. பின்னாளில் இது தனித் தொழிலாகவே ஆனது. கவுண்டமணி, செந்தில் ஜோடிக்கு எழுதிய ஏ.வீரப்பனைப் பற்றி இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 1984-ல் வைதேகி காத்திருந்தாள் படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு உடைந்ததற்கும் 1989-ல் கரகாட்டக்காரனில் ஒரு வாழைப்பழம் காணாமல் போனதற்கும் பின்னால் இருந்த பேனா அவருடையது. அந்தப் பழத்தைத் தேடி நாடே சிரித்தது. எழுதியவரைத் தேடியவர் குறைவு.

நான் போஸ்ட் மாஸ்டர் வீட்டில் பார்த்த முறைக்கும் இந்தக் கட்டுமானத்துக்கும் அவ்வளவு பொருத்தம். வைதேகி காத்திருந்தாளில் விஜயகாந்தின் சோகம் என்ன என்று எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. மேண்டில் எப்படி எரியும் என்று செந்தில் சந்தேகம் கேட்டது மட்டும் தெரியும். பிற்பாடு ஆதித்யா, சிரிப்பொலி என்று இருபத்து நான்கு மணி நேரமும் காமெடி மட்டும் போடும் சேனல்கள் வந்தபோது ஊரே என் நிலைமைக்கு வந்து சேர்ந்தது. கதையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். துண்டு போதும் என்று நிரூபணமும் ஆகிவிட்டது. வின்னர் படத்தின் கதாநாயகன் யார் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான்கு விநாடி யோசித்த பிறகுதான் பிரசாந்த் வருவார். வடிவேலுவின் கைப்புள்ளைக்கு அந்த நான்கு விநாடி தேவையில்லை.

2019 மே மாதக் கடைசியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். தமிழர் ஒருவர், இது சுத்தியல், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்று பதில் எழுதுகிறார். இன்னொருவர், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்று உலக அளவில் ட்ரெண்டிங். டெல்லியில் மோடி இரண்டாவது முறை பிரதமராகப் பதவியேற்கும் நேரம் அது, இந்தி பேசும் என் அலுவலக நண்பர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, “உங்க ஊர்த் தலைவருக்கு என்ன ஆச்சு?” என்றார். தலையில் அடி, ஐசியூவில் இருக்கிறார் என்றேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். அடித்தது சொந்தக்காரப் பையன்தான் என்று சேர்த்துக்கொண்டேன். “சொத்துத் தகராறா?” என்றார்.

அந்தச் சுத்தியல் ஃப்ரண்ட்ஸ் படத்தில் வடிவேலு தலையில் விழுந்தது, 2001-ல். பதினெட்டு வருடம் கழித்து வலித்திருக்கிறது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். இந்தக் காட்சியை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். படத்தில் விஜய்க்கும் சூர்யாவுக்கும் கடைசியில் என்ன ஆனது? தெரியாது. பிற்பாதியில் நட்பு உடைந்து கண்ணும் கண்ணீருமாக ஒரு பெரிய கதை இருப்பதாக மனைவி சொன்னாள். நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்து அது ஒரு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் கதை.

துண்டு முழுப்படத்தை விடப் பெரிதாகிவிட்டால் சினிமாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கைப்புள்ளையின் வருத்தப்படாத வாலிபர் சங்கம் 2013-ல் சிவகார்த்திகேயன் படத்துக்குத் தலைப்பானது. அதே வருடம் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்ட ஆல் இன் ஆல் அழகுராஜாவும் கார்த்தி படமானார். தலைநகரம் படத்தில் நாலு காட்சிக்கு வந்த நாய் சேகருக்கு 2022-ல் இரண்டு படம்: சதீஷ் ஒன்று, வடிவேலுவே நடித்தது ஒன்று. இரண்டையும் பார்த்தேன். காசு கொடுத்து, முதலிலிருந்து. நாய் சேகருக்கு ஒரு பின்கதை, ஒரு லட்சியம், ஒரு திட்டம் எல்லாம் இருந்தன. அவர் எதற்கு வந்தார், எங்கே போகிறார் என்று தெரியாததுதான் சிரிப்பே என்று யாராவது சொல்லியிருக்கலாம். முழுக்க வடிவேலுவே சுமந்த படம் ஜெயிக்காது என்று சொல்ல வரவில்லை. 2006-ல் இம்சை அரசன் 23ம் புலிகேசி சக்கைப்போடு போட்டது. அது துண்டை இழுத்து நீட்டிய வேட்டி இல்லை, முதலிலேயே வேட்டியாக நெய்தது.

2011-க்குப் பிறகு அவர் படங்கள் வெகுவாகக் குறைந்துபோன வருடங்களிலும் என் போனில் தினமும் நான்கு தடவையாவது வந்துகொண்டிருந்தார். சம்பளம் ஏறவில்லை என்றால் அவர் முகம், ஏறினாலும் அவர் முகம், மழைக்கு, பெட்ரோல் விலைக்கு, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு என்று தனித்தனி முகம். அதனால் 2023-ல் மாமன்னன் பார்க்கப் போனபோது அரங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் திரையில் வந்ததும் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் எதுவும் செய்யவில்லை, வெறுமனே நின்றார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது, அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு முன் வரிசையில் சிரித்த ஆள்தான் இடைவேளையில் பாப்கார்ன் வாங்கக்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

சீரியல் பக்கம் வருகிறேன். சினிமாக்காரர்களுக்குச் சீரியல் என்றால் இளக்காரம். எனக்கு அப்படி இல்லை. நடுவில் வருகிறவனை மரியாதையாக நடத்திய ஒரே கலைவடிவம் அதுதான். 1999-ல் சித்தி தொடங்கியபோது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறியது. 2002-ல் மெட்டி ஒலி, ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கதை. எண்ணூறு பகுதிகளுக்கு மேல் போனது. 2003-ல் தொடங்கிய கோலங்கள் 2009-ல்தான் முடிந்தது, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அது தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முடியும்போது ஏழாம் வகுப்பு. இத்தனையில் எந்தப் பகுதியில் நுழைந்தாலும் உட்கார இடம் இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்று பாத்திரங்களே சொல்லிவிடுவார்கள். “என் கூடப்பிறந்த தங்கச்சி புருஷனோட அண்ணன் நீங்களே இப்படிப் பேசலாமா சம்பந்தி?” என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? எங்கள் வீட்டில் “ஏய், இங்க பாரு”தான். ஆனால் அந்த ஒரு வரியில் ஆறு மாதக் கதை உள்ளே வந்துவிட்டது பாருங்கள். விஷயம் கேட்ட அதிர்ச்சியில் ஒரு முகம், இரண்டாவது முகம், மூன்றாவது முகம், மறுபடி முதல் முகம், கூடவே இடி. கேலி செய்வோம். அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம் என்பது எங்கள் அம்மாவுக்குத் தெரியும், எடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அம்மாவின் சாமர்த்தியத்தைப் பார்த்தேன். எங்கள் தெருவில் கரண்ட் இல்லாத நேரம் கீழத் தெருவில் இருக்கும். சீரியல் பாதியில் அணைந்தால் மீதியை அங்கே போய்ப் பார்ப்பார், அவர்கள் பாதியில் இங்கே வருவார்கள். வழியில் இருட்டில் சந்தித்துக் கதையைக் கைமாற்றிக்கொள்வார்கள். “அடிச்சிட்டானா?” “இன்னும் இல்ல, கை ஓங்கியிருக்கான்.” “சரி, போ போ.”

எல்லாத் தொடரும் இப்படி இடம் கொடுத்தது என்று சொல்ல முடியாது. மர்ம தேசம் வரிசையில் விடாது கருப்பு வந்ததே, அதில் ஒரு வாரம் விட்டால் போச்சு. அதைத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக முதல் காட்சியிலிருந்து, ஒரு வாரம் தவறாமல், போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தேன். முடிகிற நேரத்தில் இரண்டு மாதப் பாக்கி என்று கேபிள்காரர் வயரைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார். கருப்பு யார் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தனும் சும்மா சொல்லவில்லை. ஒருவன் சொல்வதற்கு இரண்டு ரூபாய் கேட்டான். கொடுத்தேன். தப்பாகச் சொல்லியிருக்கிறான். அது தெரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி பொள்ளாச்சிக்காரி. படம் ஆறே காலுக்கு என்றால் ஐந்தே முக்காலுக்கு இருக்கையில் இருக்க வேண்டும். புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தைத் தவறவிட்டால்கூடப் படம் பார்த்த கணக்கில் வராது. தணிக்கைச் சான்றிதழில் எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பதை வாசிப்பாள். இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்து கதையைப் பார்ப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? கிடையாது. அவள் பார்ப்பது தென்னந்தோப்பை. “ஏனுங்க, இது எங்க பெரியப்பா தோட்டத்துக்குப் பின்னாடி வர்ற வாய்க்காலுங்க!” நாயகனின் தங்கையை வில்லன் அந்த வாய்க்காலில்தான் துரத்திக்கொண்டிருப்பான். இவள் கண்ணில் ஊர் ஞாபகத்தில் ஆனந்தம். கிராமத்துப் படம் என்றால் பாதி பொள்ளாச்சி, மீதி கோபிச்செட்டிபாளையம். நாயகன் பொள்ளாச்சியில் புல்லட்டை உதைத்து கோபியில் இறங்குவான். “பெட்ரோல் ரொம்ப ஆயிருக்குமுங்க” என்பாள்.

தேவர் மகனைப் பற்றி எங்களுக்குள் ஒரு தீராத வழக்கு உண்டு. கதை எங்கள் தெற்கத்திக் கதை, பேச்சு எங்கள் பேச்சு, கோபம் எங்கள் கோபம். ஆனால் அந்தப் பெரிய வீடு பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் சிங்காநல்லூரில் இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை வீடு யாருடையதோ படம் அவர்களுடையது. கல்யாணமான புதிதில் அந்த வீட்டைக் காட்டவே கூட்டிப்போனாள். வெளியில் நின்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து சிவாஜி வந்துவிடுவார் போலத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

போன கோடையில் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். எல்லாப் படமும் இப்போது போனிலும் டிவியிலும் கிடைக்கிறது. நீங்கள் பார்க்காத அரை மணி நேரங்களை மட்டும் வரிசையாகப் பார்த்து முடித்துவிடுங்களேன். பழைய டைரி ஒன்றில் பட்டியல் போட்டேன். நாற்பத்தாறு படம் வந்தது. ராத்திரிக்கு இரண்டு ஆரம்பம் வீதம் பார்க்கத் தொடங்கினேன். நடுவில் நான் நுழைந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு படத்திலும் அந்த இடம் எனக்கு அச்சாகத் தெரியும், பஸ்ஸில் தூங்குகிறவனுக்குத் தன் ஸ்டாப் தெரிகிற மாதிரி.

பெரும்பாலும் ஏமாற்றம்தான். முதல் அரை மணி நேரத்தில் நாயகன் சண்டையோ பாட்டோ போட்டு அறிமுகமாகிறான், அம்மா சாப்பிடச் சொல்கிறாள், நண்பர்கள் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாயகி சைக்கிளில் வருகிறாள். ஆச்சி எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, நல்லதே செய்திருக்கிறார் என்று பதினைந்து படத்துக்கு மேல் தோன்றியது. அண்ணன் ஏன் செத்தான் என்பதையும் கண்டுபிடித்தேன். காரணமே இல்லை. பெரிய எழுத்தில் இயக்குநர் பெயர் வர வேண்டும், அதற்குள் ஒருவன் சாக வேண்டும்.

காதலிக்க நேரமில்லையில் மட்டும் அந்தக் கணக்கு உதவவில்லை. 1964-ல் ஸ்ரீதர் எடுத்தது. சிரிப்பையும் கதையையும் பிரிக்கவே முடியவில்லை. சினிமா எடுக்கிறேன் என்று ஓஹோ புரொடக்ஷன்ஸ் வைத்திருக்கும் நாகேஷ் அந்த வீட்டுப் பையன், பாலையா அவருக்கு அப்பா. கதையிலிருந்து நாகேஷைக் கழற்றினால் வீடே விழும். என் ஸ்டாப் வந்தும் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தேன். மணி ஒன்றரை ஆகியிருந்தது.

பிறகு நாயகன். 1987-ல் வந்தது, எத்தனையோ தடவை பம்பாயிலிருந்தும், சிலசமயம் வயதான வேலு நாயக்கரிடமிருந்தும் பார்த்திருக்கிறேன். கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே அந்த மனவளர்ச்சி குன்றிய பையன் அவரைச் சுடுவான். வேலு கொன்ற இன்ஸ்பெக்டரின் பிள்ளை. நல்ல முடிவு என்றுதான் நினைத்திருந்தேன், அதற்கு மேல் ஒன்றும் தோன்றியதில்லை. முதல் பத்து நிமிடத்தை நாற்பது வயதுக்கு மேல் பார்க்கிறேன்: ஒரு சின்னப் பையனை ஏமாற்றி அவன் அப்பா ஒளிந்திருக்கும் இடத்தைப் போலீஸ் தெரிந்துகொள்கிறது, அப்பாவைச் சுட்டுக் கொல்கிறது. அந்தப் பையன் போலீஸ்காரனைக் குத்திவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறான். அவன்தான் வேலு. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை போலீஸைக் கொன்று தொடங்கிய கதை, அப்பாவைப் பறிகொடுத்த ஒரு போலீஸ்காரனின் பிள்ளை கையில் முடிகிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை வாசலிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். நான் பின்வாசல் வழியாகவே முப்பது வருடம் போய் வந்திருக்கிறேன். டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மனைவி எழுந்து வந்து என்னாச்சு என்று கேட்டாள். “ஆச்சி கொஞ்சம் சீக்கிரம் விளக்கு ஏத்தியிருக்கலாம்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பட்டியலில் இன்னும் பதினோரு படம் பாக்கி. ஃப்ரண்ட்ஸ் அதில் உண்டு. அதற்கு ஆரம்பம், முடிவு இரண்டுமே பாக்கி என்பதால் டைரியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு சேனலில் அதே ஜமீன் பங்களா. படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலையாட்கள் உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறார்கள். உடனே விளம்பரம், சோப்பு, நகைக்கடை, அடுக்குமாடி வீடு, மறுபடி சோப்பு. மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதுதான் போன்லயே இருக்குதுங்களே. விளம்பரம் இல்லாம மொதல்ல இருந்து பாக்கலாமில்லீங்களா? பட்டியல்ல ஒண்ணு கொறையும்.”

“பாக்கலாம், பாக்கலாம். இரு, இன்னும் பத்து நிமிஷத்துல சுத்தியல் விழும்.”

அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.